கொடைக்கானல்: போவதும் சுற்றுவதும்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல்தளத்தில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. ஊரின் நடுவே நட்சத்திரம் போலக் கைகால் நீட்டிக் கிடக்கும் ஏரி. அதைச் சுற்றி ஒரு சாலை. அந்தச் சாலையிலிருந்து நாலாபக்கமும் மேடேறிப் போகும் தெருக்கள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் காரில் வந்தவருக்கு அதே ஊர் எட்டாத ஊராகிவிடும். இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாற வேண்டிவரும். எந்தச் சாலை, எந்த நேரம், எந்தத் திசை என்ற மூன்றும் தெரிந்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

டோலியில் ஏறிய காலம்

ஊரின் இன்றைய நெரிசலுக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1821இல் பி.எஸ். வார்டு என்ற ஆங்கில அதிகாரி பழனி மலையை அளந்தார். 1834இல் மதுரை துணை கலெக்டர் மலையேறி, செண்பகனூர் அருகே ஒரு வீடு கட்டினார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப இங்கே இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டனர். ஊர் வளர்ந்தது அதன் பிறகுதான். மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் சதுப்பான பள்ளத்தில் ஓடிய ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி ஏரியை உருவாக்கினார். அதில் மிதந்த முதல் படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது.

அந்தப் படகு வந்தபோது மலைக்கு வண்டிச்சாலை கிடையாது. 1875இல் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்த பிறகு, பயணிகள் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பெரியகுளம் அருகேயுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்தார்கள். அடிவாரத்திலிருந்து சுமார் 12 மைல் ஏற்றம். முடிந்தவர்கள் நடந்தார்கள்; சிலர் குதிரையில் போனார்கள்; துரைமார் குடும்பங்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துச் சுமை தூக்கிகள் ஏற்றினார்கள். வீட்டுக்கு வேண்டிய பெட்டி படுக்கை, பாத்திரம், கண்ணாடி எல்லாமே தலைச்சுமையாகத்தான் மேலே போயின.

மேஜர் லா என்பவர் அமைத்த வண்டிச்சாலை 1910களின் நடுவில்தான் திறக்கப்பட்டது. வத்தலக்குண்டு வழியாக ஏறும் அந்தச் சாலையை இன்றும் 'லாஸ்காட் ரோடு' என்றே சொல்கிறார்கள். ஏரியும், பங்களாக்களும், தேவாலயங்களும், பள்ளிகளும் அதற்கு முன்பே அமைந்துவிட்டன. நடப்பவருக்கும் குதிரைக்கும் ஏற்ற அகலத்தில் வகுத்த தெருக்களில்தான் இப்போது கார்களும் வேன்களும் பேருந்துகளும் ஓடுகின்றன.

மேலேறும் வழிகள்

கொடைக்கானலுக்கு ஏறப் பழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று. முதன்மையானது வத்தலக்குண்டு வழி. சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து வரும் பெரும்பாலான வண்டிகள் இதில்தான் வருகின்றன. வத்தலக்குண்டிலிருந்து தேவதானப்பட்டி நோக்கிப் போகும்போது காட்ரோடு என்ற இடத்தில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. இந்தச் சாலையில் ஏற்றம் கடுமையாக இராது. அகலமும் மற்ற வழிகளைவிடக் கூடுதல். பாதி வழியில் டம்டம் பாறை என்ற காட்சிமுனை வரும். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தில் வெள்ளை நூல் போலத் தலையாறு அருவி விழுவது இங்கிருந்து தெரியும். எலிவால் அருவி என்று பெயர்பெற்ற அதன் உயரம் 297 மீட்டர். தமிழ்நாட்டின் உயரமான அருவி அதுதான். அதற்கும் கீழே மஞ்சளாறு அணை ஒரு நீலத் துண்டாகக் கிடக்கும். இதற்கு மேல் ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை என்று சாலை ஏறுகிறது.

இரண்டாவது வழி பழனியிலிருந்து ஏறுவது, 64 கிலோமீட்டர். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்ப் பக்கத்தவர்களுக்கு இதுவே நேர்வழி. அடிவாரத்தில் வரதமாநதி அணையைத் தொட்டு, சவரிக்காடு, வடகவுஞ்சி வழியாக மேலே வரும். காப்பித் தோட்டங்களும் வாழையும் காடும் மாறி மாறி வருவதால் பார்வைக்கு இது அழகு கூடிய சாலை. ஆனால் குறுகலானது, கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் இறங்குவதற்கு இந்த வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக ஏறும் சாலை. தேனிப் பக்கத்திலிருந்து வருவோருக்குச் சுற்று குறையும். சில இடங்களில் ஒரு வண்டிக்கு மட்டுமே இடமிருக்கும். எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். மழைக்காலத்தில் பாறை சரிந்து அடைபட்டுப்போவதும் வாடிக்கை. கனரக வண்டிகளுக்கான வழி அல்ல இது.

மலைச்சாலைக்கு எழுதப்பட்ட விதியும் எழுதப்படாத விதியும் உண்டு. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி நகர்த்துவது சிரமம் என்பதே காரணம். எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது ஓட்டுநர்களின் பழைய பாடம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். அடிவாரத்தை நெருங்கும்போது வரும் கருகல் வாடை அதன் அறிகுறி. பெரிய பேருந்து வளைவில் திரும்பும்போது அதன் வால்பகுதி எதிர்ப்பாதிச் சாலையையும் பிடித்துக்கொள்ளும். அதனால் வளைவுக்குச் சற்று முன்பே நின்று, பேருந்து திரும்பி முடித்த பிறகு நகர்வதுதான் முறை.

பெருமாள்மலையில் ஒரே மதகு

வழிகள் மூன்றானாலும் அவை மூன்றும் பெருமாள்மலையில் ஒன்றாகிவிடுகின்றன. அங்கிருந்து ஊர்வரை உள்ள கடைசிச் சில கிலோமீட்டருக்கு எல்லோருக்கும் ஒரே சாலைதான். மூன்று வாய்க்கால் தண்ணீர் ஒரே மதகில் புகுவது போன்ற நிலை. கொடைக்கானலின் போக்குவரத்துச் சிக்கலில் பெரும்பகுதி இந்த ஒரு துண்டுச் சாலைக்குள் அடங்கிவிடும்.

அதன் நடுவே, ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால், வெள்ளி நீர்வீழ்ச்சி வருகிறது. ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் இங்கே சுமார் 180 அடி உயரத்திலிருந்து சாலையோரத்திலேயே விழுகிறது. வருகிறவர்கள் பார்க்கும் முதல் காட்சி என்பதால் எல்லா வண்டியும் இங்கே நிற்கும். இருபுறமும் கார்கள், நடுவில் பழக்கடை, படம் எடுக்கும் கூட்டம். இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்துவிட்டால் வரிசை பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். அருவியைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ஊரைவிட்டு இறங்கும் நாளில், காலை வேளையில் பார்ப்பது தோது.

அருவியைத் தாண்டினால் செண்பகனூர். அதற்கும் மேலே மூஞ்சிக்கல். சந்தைச் சரக்கு வண்டி, பள்ளி வேன், மேற்கே உள்ள மேல்மலைக் கிராமங்களின் பேருந்து, வெளியூர்க் கார் எல்லாம் கலக்கும் இடம் இது. இருபுறமும் கடைகள் நெருக்கியிருக்கும் மேட்டுச் சாலை. மூஞ்சிக்கல் நகர்கிறதா, நிற்கிறதா என்பதுதான் உள்ளூர் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி. நெரிசல் நாட்களில் கடைசி ஐந்தாறு கிலோமீட்டருக்கே மணிக்கணக்காகும். விடியற்காலையில் அடிவாரத்தை விட்டுக் கிளம்பிக் காலை ஒன்பது மணிக்குள் ஊருக்குள் நுழைந்துவிடுபவர்கள் இந்தத் தொல்லைக்குத் தப்புவார்கள்.

இ-பாஸும் விதிகளும்

வண்டிகளின் எண்ணிக்கை மலையின் தாங்குதிறனை மீறியதால் நீதிமன்றம் தலையிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடைக்கு நாள்வாரி உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்பது கணக்கு. மலை உண்மையில் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது.

இ-பாஸை அரசு இணையதளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். வண்டி எண், வருவோர் எண்ணிக்கை, தங்கும் நாட்கள் முதலியவற்றைப் பதிய வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. உச்சவரம்பும் விதிவிலக்குகளும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளும் லாரிகளும் மலையேற 2024இன் இறுதியில் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. நீண்ட வண்டி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டால் சாலை முழுதும் அடைபடும் என்பதே காரணம்.

சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கும் பார்க்கப்படும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை உண்டு. வைத்திருந்தால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை.

ரயிலிலும் பேருந்திலும்

ஊருக்கு ரயில் கிடையாது. பெயரில் கொடைக்கானலைச் சுமக்கும் நிலையம் கொடைரோடு. பழைய அம்மையநாயக்கனூர்தான் இது. சென்னை - மதுரை மார்க்கத்தில் பாண்டியன் உள்ளிட்ட சில ரயில்கள் இங்கே நிற்கும். இங்கிருந்து மலைக்கு 80 கிலோமீட்டர். சுமார் மூன்று மணி நேரம். பெயரைப் பார்த்து, இறங்கினால் மலை எதிரே இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. பேருந்து வசதி அதிகம் வேண்டுமென்றால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இறங்குவது மேல். கொங்குப் பக்கத்தவர்களுக்குப் பழனி ரயில் நிலையம் ஏற்றது. விமானத்தில் வருவோருக்கு மதுரையே அருகில் உள்ள நிலையம்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் பேருந்துகள் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. ஏறிச் சேர நான்கு மணி நேரம் ஆகும். நேரடிப் பேருந்து கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டுக்கு வந்து அங்கே மாறலாம். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறும் பேருந்துகள் அந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. சென்னையிலிருந்து இரவுப் பேருந்துகளும் உண்டு. மலைப்பாதையில் வாந்தி வரும் என்று அஞ்சுபவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது; முன்பக்க ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தொலைவில் பார்வையை வைத்தால் பாதிச் சங்கடம் குறையும்.

ஏரியைச் சுற்றி

பேருந்து நிலையத்திலிருந்து ஏரிக்கு இறக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிட நடை. ஏழுரோடு சந்திப்பைக் கடந்தால் தண்ணீர் தெரிந்துவிடும். ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஏரிக்கரை என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு, முதியவர்களுக்கும் ஏற்றது. வாடகைச் சைக்கிள் கரையோரத்திலேயே கிடைக்கும். இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளும் உண்டு. எடுக்கும் முன் பிரேக் இரண்டையும் பிடித்துப் பார்ப்பதும், மணிக்கணக்கு வாடகையா சுற்றுக்கணக்கு வாடகையா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். குதிரைச் சவாரிக்கும் இதே விதி: ஏறும் முன் தூரமும் தொகையும் பேசி முடித்துவிட வேண்டும்.

படகுக் குழாம் ஒன்றுக்கு மேல் உண்டு. மிதிபடகும் துடுப்புப் படகும் கிடைக்கும். காலை முதல் படகுக்குப் போனால் தண்ணீர் மேல் படிந்த மூடுபனி விலகுவதைப் படகிலிருந்தே பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் டிக்கெட் வரிசை நீண்டுவிடும்.

ஏரிக்குக் கிழக்கே பிரையண்ட் பூங்கா. 1908இல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் உருவாக்கிய இந்தப் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும். அங்கிருந்து மேடேறினால் கோக்கர்ஸ் வாக். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவின் விளிம்பை ஒட்டி அமைத்த நடைபாதை இது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். வானம் தெளிந்திருந்தால் கீழே பெரியகுளம் சமவெளி வரைக்கும் தெரியும். கீழே மூடுபனியும் முதுகுக்குப் பின்னால் சூரியனும் இருக்கும் அபூர்வ வேளையில், பார்ப்பவரின் நிழலே வண்ண வளையத்தோடு பனித்திரையில் விழும். ஏரி, பூங்கா, கோக்கர்ஸ் வாக் மூன்றையும் வண்டியே எடுக்காமல் அரை நாளில் முடித்துவிடலாம். காரை எடுத்தால் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்த இடம் தேடுவதிலேயே அந்த அரை நாள் போய்விடும்.

சற்றுத் தள்ளி, வடக்கு விளிம்பில் செட்டியார் பூங்காவும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் உள்ளன. கோயில் 1936இல் ஓர் ஐரோப்பியப் பெண்மணியால் கட்டப்பட்டது. இந்து சமயம் தழுவி லீலாவதி ராமநாதன் என்று பெயர் ஏற்றவர் அவர். இங்கிருந்து வடக்கே பழனி தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. அடுத்த முறை 2030. நடக்க முடியாதவர்கள் நாயுடுபுரம் பக்கம் போகும் பேருந்தையோ வாடகைக் காரையோ பிடிக்கலாம். மேற்கே குன்றின் மேல் உள்ள சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான்.

பன்னிரண்டு மைல் சுற்று

வெளியூரார் 'கொடைக்கானல் பார்த்தோம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் குறிப்பிடுவது இந்தச் சுற்றைத்தான். ஏரியிலிருந்து தென்மேற்கே கிளம்பி, பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயின்ட் என்று வளைந்து மறுபடி ஏரிக்கே திரும்பும் சாலை இது. நெரிசல் நாட்களில் காவல்துறை இதை ஒருவழிப் பாதையாக்கிவிடும். அப்போது ஓர் இடத்தைத் தவறவிட்டால் திரும்பிப் போக முடியாது. சுற்று முழுவதையும் மறுபடி வர வேண்டியிருக்கும்.

தூண் பாறை என்பது அருகருகே நிமிர்ந்து நிற்கும் மூன்று பாறைகள். உயரம் ஏறத்தாழ 400 அடி. பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலெழும்பி அவற்றை மூடிவிடும். மதியம் போகிறவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது சாதாரணம். அடுத்துள்ள குகை வெள்ளைக்காரர் காலத்தில் 'சாத்தானின் சமையலறை' என்ற பெயர் பெற்றிருந்தது. 1991இல் கமல்ஹாசன் நடித்த 'குணா' படமானபின் குணா குகை ஆயிற்று. 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்துக்குப் பிறகு கூட்டம் பல மடங்கானது. குகைக்குள் இறங்க அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. மரவேர்கள் பின்னிக் கிடக்கும் முற்றமே இங்கே பார்க்கக் கிடைப்பது.

இந்தச் சுற்றுக்கு வாடகைக் கார்களும் வேன்களும் பேருந்து நிலையம் அருகே நிற்கும். எந்தெந்த இடம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். ஓட்டுநர்கள் சொல்லும் பட்டியலில் எண்ணிக்கை பெரிதாக இருக்கும்; வண்டியை நிறுத்தாமல் காட்டிவிட்டுப் போகும் இடங்களும் அதில் சேர்த்தி. காலை எட்டு மணிக்கே கிளம்பி, முதலில் தூண் பாறைக்குப் போகச் சொல்வது நல்லது.

வட்டக்கானல்

தெற்கே நாலைந்து கிலோமீட்டரில் வட்டக்கானல். கார் போகும், ஆனால் கடைசித் தெரு ஒற்றையடிச் சாலைக்கு நிகர், திருப்பவும் இடமிராது. பாம்பார் அருவிக்கு முன்பே வண்டியை விட்டு நடப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஊர் முடியும் இடத்திலிருந்து மரவேர்களையே படியாக மிதித்து இறங்கினால் டால்பின் நோஸ். டால்பின் மூக்குப் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அது. விளிம்பில் தடுப்பு இல்லை. இறங்குவது சுலபம், ஏறி வரும்போதுதான் மூச்சு வாங்கும். வழுக்காத காலணியும், வரும்வழிக்குக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். மழை பெய்த மறுநாள் இந்தப் பாதையைத் தவிர்ப்பது நல்லது.

பேரிஜம்

மோயர் பாயின்ட்டிலிருந்து பிரிந்து காட்டுக்குள் போகும் சாலையில், ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் பேரிஜம் ஏரி இருக்கிறது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. படகில்லை, கடையில்லை, குளிக்க அனுமதியும் இல்லை. வனத்துறையின் அனுமதி பெற்ற குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகளே விடப்படும். காட்டுயானை நடமாட்டம் தெரிந்தால் அன்றைக்கு யாருக்கும் அனுமதி கிடையாது. வழியில் தொப்பி தூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை, அமைதிப் பள்ளத்தாக்கு என்ற நிறுத்தங்கள் வரும். உள்ளே போனவர் திசை தடுமாறிப்போவார் என்பதால் மதிகெட்டான் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சோலைக்காடு எவ்வளவு அடர்த்தி என்பதை அந்தப் பெயரே காட்டிவிடும்.

பேரிஜத்துக்கு அப்பால் இதே சாலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போனது. இப்போது அது வனப்பகுதிக்குள் அடைபட்டுவிட்டது. வரைபடத்தில் பக்கத்து ஊர் போலத் தெரியும் மூணாறுக்குப் போக, மலையிறங்கி, பெரியகுளம், தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு என்று 150 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் அந்த நாளைச் சாலையிலேயே கழிப்பார்கள்.

மேல்மலையும் கீழ்மலையும்

கொடைக்கானல்காரர்கள் சுற்றுப்புறத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். மேற்கே உள்ள பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், பூண்டி, கிளாவரை கிராமங்கள் மேல்மலை. கிழக்கே தாழ இறங்கும் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர்ப் பக்கம் கீழ்மலை. குளிர், பயிர், சாலை மூன்றும் இரண்டு பக்கத்திலும் வேறு.

மேல்மலைச் சாலை குளிர்ந்த உயரத்திலேயே ஓடுகிறது. சுமார் 20 கிலோமீட்டரில் பூம்பாறை. சாலையோரத்துக் காட்சிமுனையில் நின்றால் எதிர்ச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களும், நடுவில் ஓட்டு வீடுகள் நெருங்கிய ஊரும், அதன் மத்தியில் குழந்தை வேலப்பர் கோயில் கோபுரமும் தெரியும். அந்தப் படிகளில் விளைவது பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மன்னவனூர் இன்னும் தொலைவு. சுமார் 35 கிலோமீட்டர். புல்வெளிச் சரிவு, வனத்துறையின் ஏரி, மத்திய அரசின் ஆட்டு ரோம ஆராய்ச்சிப் பண்ணை ஆகியவை அங்கே உள்ளன. கூக்காலிலும் ஓர் ஏரி உண்டு.

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக் கிராமங்களுக்கு அரசுப் பேருந்து ஓடுகிறது. நாளைக்குச் சில நடைதான். காலையில் போகிற பேருந்து எப்போது திரும்பும் என்பதை நடத்துநரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கடைசி நடையை விட்டால் காய்கறி ஏற்றும் வண்டியைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சொந்த வண்டியில் போகிறவர்கள் கொடைக்கானலிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ள வேண்டும். செல்போன் சிக்னல் பல வளைவுகளில் இருக்காது. வழிகாட்டும் வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.

கீழ்மலை இதமான தட்பவெப்பம் கொண்டது. மரநிழலில் காப்பி, அதன் மேல் படர்ந்த மிளகு, இடையிடையே மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி மலைவாழை இந்தச் சரிவுகளில் விளைவதுதான். தாண்டிக்குடியில் பாலமுருகன் கோயிலும் காப்பி ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகளைக் காணலாம். பண்ணைக்காடு பிரிவில் திரும்பி, தாண்டிக்குடி வழியாகச் சமவெளிக்கு இறங்கிவிடவும் சாலை உண்டு. விடுமுறை முடிந்து எல்லோரும் லாஸ்காட் சாலையில் வரிசை கட்டும் நாளில், நேரம் கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இது அமைதியான மாற்றுவழி.

பருவமும் நேரமும்

ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவும் மரம் விழுதலும் சாலையை மறிக்கும். அப்போது கிளம்பும் முன் நிலவரம் கேட்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அதிகாலைப் புல்வெளியில் உறைபனி படியும். எந்த மாதமானாலும் மாலைக்குப் பின் மலைச்சாலையில் ஓட்டாமல் இருப்பது நல்லது. மூடுபனியில் மஞ்சள் விளக்கும் தாழ்ந்த ஒளியும்தான் உதவும். உயர்ந்த ஒளி பனியில் பட்டு ஓட்டுநர் கண்ணையே கூசச்செய்யும்.

இன்னொன்று காட்டுமாடு. ஊருக்குள்ளேயே, ஏரிச்சாலையிலும் பள்ளி வாசலிலும்கூட அவை நிற்கும். பழகியதுபோலத் தோன்றினாலும் ஒரு டன் எடைக்கு வளரக்கூடிய காட்டுவிலங்கு அது. ஹாரன் அடிக்காமல், விளக்கை மினுக்காமல், அது கடந்து போகும்வரை வண்டியிலேயே காத்திருப்பதுதான் ஊர்க்காரர்கள் கடைப்பிடிக்கும் முறை. கைபேசியோடு அருகில் போகிறவர்கள்தான் குத்துப்படுகிறார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று நாள் திட்டம் தானாக அமைந்துவிடும். முதல் நாள் காலை ஏறி, வண்டியை விடுதியில் நிறுத்திவிட்டு, ஏரி, பூங்கா, கோக்கர்ஸ் வாக் மூன்றையும் நடந்தே பார்க்கலாம். இரண்டாம் நாள் விடிந்ததும் பன்னிரண்டு மைல் சுற்று, பிற்பகல் வட்டக்கானல். மூன்றாம் நாள் மேல்மலையோ பேரிஜமோ ஒன்று மட்டும். ஒரு நாளுக்கு ஒரு திசை என்ற இந்த ஒழுங்கை மீறி, ஒரே நாளில் எல்லாத் திசைக்கும் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் மூஞ்சிக்கல் நெரிசலுக்கோ ஏழுரோடு சந்திப்புக்கோ வந்து சேர்கிறார்கள். கொடைக்கானலுக்கு முதல் வண்டிச்சாலை வருவதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பே ஏரி வந்துவிட்டது. ஏரியைப் பார்க்கக் கால் நடை போதும்.